ஸ்டெப்னிக்காரன் நிச்சயதார்த்தம்

மலையடிவாரத்தில் ஏழுகுண்டுப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு. அது சுத்தப் பொய். நானே நேரில் போய் விசாரித்தேன். ஊரில் ஒருவர்கூட அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த ஊரில் ஐந்து பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரு பிக்கப் வண்டி வாங்கினார்கள். தக்காளியும் மொச்சையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவதற்கு. விற்றவர் நல்ல மனிதர். சாவியைக் கொடுக்கும்போது, "சண்டை சச்சரவு இல்லாம, ஆளுக்கொரு சக்கரமா இருந்து வண்டியப் பாத்துக்கங்கப்பா" என்று வாழ்த்தி அனுப்பினார். வாழ்த்திவிட்டு அவர் போய்விட்டார். இவர்கள் ஊருக்கு வந்ததும் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தி, ஆளுக்கொரு சக்கரத்தைப் பிரித்துக்கொண்டார்கள்.

வண்டி ஓட்டத் தெரிந்தவன் ஒச்சப்பன். ஆகவே ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற முன்பக்கத்து வலது சக்கரம் அவனுக்குப் போனது. இடது சக்கரத்தைச் சடையாண்டி கேட்டு வாங்கினான். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதானாம். பின்சக்கரங்கள் இரண்டும் அண்ணன் தம்பிகளான பூலோகத்துக்கும் வைகுண்டத்துக்கும். ஐந்தாவது ஆள் சோணைமுத்து. பங்கு பிரித்த அன்றைக்குப் பார்த்து அவன் பல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது மிச்சம் இருந்தது, வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்டெப்னி மட்டும்தான்.

அதற்குப் பிறகு அவரவர் சக்கரத்தை அவரவர் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்கள். விடிந்ததும் ஆளுக்கொரு வாளித் தண்ணீரோடு வந்து கழுவுவார்கள். பஞ்சர் ஆனால் அந்தச் சக்கரத்துக்காரன் மட்டும் இறங்குவான். மற்றவர்கள் அவனிடம் துக்கம் விசாரித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆயுத பூஜை அன்றைக்கு நாலு சக்கரத்துக்கும் மாலை விழும். சோணைமுத்து மட்டும் மல்லாக்கப் படுத்து, வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய், தன் சக்கரத்துக்குச் சந்தனம் பூசிவிட்டு, தலையெல்லாம் கிரீஸோடு வெளியே வருவான். எஞ்சினுக்கு உரிமைக்காரர் என்று யாரும் இல்லை. ஆகவே அதற்கு ஆயில் மாற்றுகிற வழக்கமும் இல்லை. அது பாட்டுக்கு இருந்தது.

இப்படி இருக்கையில் சோணைமுத்துவுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் பெயர் அன்னமயில். தார்ரோட்டில் சந்தையைத் தாண்டி இருக்கிற செவல்மேட்டில் செங்கல் சூளை வைத்திருக்கும் கருப்பணனின் மகள். சோணைமுத்து அவளைச் சந்தையில் ஒருமுறை பார்த்திருக்கிறான். அவன் கூடையைக் கவிழ்த்து, தக்காளி எல்லாம் உருண்டோடியபோது, சந்தையே சிரித்தது. பொறுக்கிக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். அன்றிலிருந்து சோணைமுத்துவுக்குத் தக்காளியைக் கண்டாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். தக்காளி வியாபாரம் செய்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மாப்பிள்ளை வீடு பார்க்கக் கருப்பணன் வந்தார். அவரும் நம் ஆட்களுக்குச் சளைத்தவர் இல்லை. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டார். வண்டியில் பங்கு இருக்கிறது என்றார்கள். எந்தப் பங்கு என்று கேட்டார். சோணைமுத்து வெட்கத்தோடு வண்டிக்கு அடியில் கையைக் காட்டினான். கருப்பணன் தோளில் கிடந்த துண்டை விரித்து, அதன்மேல் மல்லாக்கப் படுத்து, உள்ளே ஊர்ந்து போய்ப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இது ஓடவே இல்லையே?" என்று அடியிலிருந்து அவர் குரல் வந்தது.

"ஓடாது மாமா. மத்ததெல்லாம் ஓடும்போது கூடவே வரும்."

கருப்பணன் கொஞ்ச நேரம் படுத்தவாக்கிலேயே யோசித்தார். பிறகு சொன்னார். "சக்கரம் ஓடாதவனுக்குப் பொண்ணக் குடுத்தா குடும்பம் எப்பிடி ஓடும்? ஆவணி வளர்பிறை வெள்ளிக்கிழமை நிச்சயம் வச்சுக்குவோம். அன்னைக்கு ராகு காலத்துக்கு முன்னாடி ஒன் சக்கரம் தரையில ஓடி எங்க வாசலுக்கு வரணும். வரலைன்னா, எங்க அக்கா மகனுக்குத்தான் அன்னமயிலு."

அவர் போன பிறகு சோணைமுத்து புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதான். கூட்டாளிகள் நாலு பேரும் நல்லவர்கள். அவனோடு சேர்ந்து அவர்களும் அழுதார்கள். அழுது முடித்ததும், ஒரே ஒரு நாளைக்கு யாராவது சக்கரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று அவன் கேட்டான். நாலு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடியாது என்றார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. தன் சக்கரம் தன் கைக்குப் பழகிவிட்டது, வேறு ஆள் சக்கரம் ஸ்டியரிங் சொன்னால் கேட்காது என்றான் ஒச்சப்பன். சடையாண்டிக்குப் பஸ் ஸ்டாப் கௌரவம். பூலோகமும் வைகுண்டமும், பின்சக்கரம் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி, நடுவில் அந்நியச் சக்கரம் வந்தால் குடும்பம் பிரிந்துவிடும் என்றார்கள். அதற்குப் பதிலாகப் பூலோகம் ஒரு யோசனை சொன்னான். ஸ்டெப்னிச் சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்தி விட்டால், அது தொங்கித் தரையைத் தொடும். வண்டி போகும்போது அதுவும் ஓடும்.

தளர்த்தி விட்டு ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்டெப்னி படுத்த வாக்கில் தரையில் இழுபட்டது. தெரு முழுக்கச் சுத்தமாகப் பெருக்கினது போல ஆனது. பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் சக்கரம் ஓடி வரவேண்டும் என்றுதான் கருப்பணன் சொன்னார், இழுபட்டு வரவேண்டும் என்று சொல்லவில்லை. சங்கிலியை மறுபடி இறுக்கிக் கட்டினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. ஓடுகிற நாலு டயரும் வழுக்கையாகி, உள்ளே நூல் தெரிந்தது. நிச்சயத்துக்கு இதில் போனால் பாதி வழியில் வெடிக்கும். சரி, புது டயர் வாங்கலாம், கடைக்காரர் கையால் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது நமக்கும் ஒரு வழி பிறக்கும் என்று சோணைமுத்து மனதுக்குள் நினைத்துக்கொண்டான்.

சந்தைக்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருப்பவர் காஜா மைதீன். எல்லாருக்கும் பாய். பொறுமைசாலி. ஏழுகுண்டுப்பட்டி வண்டி வருவதைப் பார்த்ததும் ஒரு டீ சொல்லிக் குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். இரண்டு டயரை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்றில் மெல்லிய கோடுகள் ஓடின. இன்னொன்றில் கட்டை கட்டையாகப் பட்டன்கள் துருத்திக்கொண்டிருந்தன.

"இது ரோட்டு டயரு. தார்ல சத்தமில்லாமப் போகும், மழையில நல்லாப் புடிக்கும். சேத்துல விட்டா நின்ன எடத்துல சுத்தும். இது காட்டு டயரு. கல்லு, சேறு, ஓடை எதுலயும் ஏறும். தார்ல ஊளையிடும், டீசலும் கூடக் குடிக்கும். உங்க வண்டி எதுல அதிகம் ஓடுது, மண்ணுலயா தார்லயா?"

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரிலிருந்து முனியப்பன் கோயில் வளைவு வரைக்கும் மண் பாதை, ஓடை, பாறை. வளைவிலிருந்து தார்ரோடு. தூரம் தார்தான் அதிகம் என்றான் சடையாண்டி. நேரம் மண்ணில்தான் அதிகம் என்றான் வைகுண்டம். ஒச்சப்பன் யோசித்துவிட்டு, "பாய், வண்டி ஓடுறது பூரா தார்லதான். மண்ணுல அது எங்க ஓடுது? நிக்கத்தான் செய்யும்" என்றான்.

பாய் கண்ணை மூடித் திறந்தார். "சரி, மண்ணுல போனா காட்டு டயர், தார்ல போனா ரோட்டு டயர். எது தோதுன்னு வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், ரெண்டையும் ஒரே வண்டியில கலந்து போட்றாதீங்க. வண்டி ஒரு பக்கம் இழுத்துரும்" என்றார். பிறகு குனிந்து ஸ்டெப்னியைப் பார்த்தார். "இது ஓடவே இல்ல, அப்பிடியே புதுசா இருக்கு. இதுக்கு ஒண்ணும் வாங்க வேணாம்." ஓடாத சக்கரம் என்று அவரும் சொல்லிவிட்டார். சோணைமுத்துவின் முகம் சுருங்கிப் போனது.

பேசி முடிவு செய்வதற்கு மண் ஊரில் நிறைய இருக்கிறது. தார் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்காமல் எப்படி முடிவு செய்வது? ஆகவே திரும்புகிற வழியில், முனியப்பன் கோயில் வளைவைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், கடப்பாரையால் தார்ரோட்டில் ஒரு பாளத்தை நெம்பி எடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். ரோட்டில் நல்ல அகலமான பள்ளம் விழுந்தது. அது அரசாங்கத்தின் பள்ளம், நம் கையில் இருப்பது தார் என்று ஒச்சப்பன் விளக்கினான்.

ஊரில் பாளத்தை இறக்கி மண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, சடையாண்டி தன் டயர் செருப்பு ஒன்றைத் தாரிலும் ஒன்றை மண்ணிலும் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மற்றவர்கள் மூச்சு விடாமல் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து அவன் கண்ணைத் திறந்து, ரெண்டு காலும் வலிக்கிறது என்றான். இது ஆராய்ச்சிக்கு உதவவில்லை.

கடைசியில் வைகுண்டம்தான் முடிச்சை அவிழ்த்தான். பாய் மண்ணில் போனால் காட்டு டயர், தாரில் போனால் ரோட்டு டயர் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நாம் இரண்டிலும் போகிறோம். ஆகவே இரண்டையும் வாங்குவோம். மண் முடிகிற இடத்தில் காட்டு டயரைக் கழற்றி ரோட்டு டயரை மாட்டினால் வேலை முடிந்தது. இவ்வளவு எளிதான காரியம் பாய்க்குத் தோன்றவில்லையே என்று அவர் மேல் எல்லாருக்கும் இரக்கம் வந்தது. சோணைமுத்துவைத் தவிர மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு ஆட்டை விற்று, ஆளுக்கு ஒரு காட்டுச் சக்கரமும் ஒரு ரோட்டுச் சக்கரமும் இரும்பு ரிம்மோடு சேர்த்து வாங்கி வந்தார்கள். காட்டு டயர் டீசல் குடிக்கும் என்று பாய் சொன்னதால், பூலோகம் தன் டயருக்குத் தினமும் காலையில் ஒரு கரண்டி டீசல் ஊற்றினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. காட்டு டயர்கள் வண்டியில் மாட்டியிருந்தன. ரோட்டு டயர்கள் பின்னால் ஏறின. முன்சீட்டில் சோணைமுத்துவின் அக்கா பெருமாயி உட்கார்ந்தாள். அவள் மடியில் நிச்சயத் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, சேலை. பெண் வீட்டு வாசலுக்குப் போகிற வரைக்கும் தட்டைக் கீழே வைக்கவே கூடாது என்று ஊர்ப் பெரியவள் ஒருத்தி சொல்லியிருந்தாள். அதனால் பெருமாயி விடியற்காலையிலிருந்து இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தபடியே இருந்தாள். காப்பியைக்கூட வேறு ஒருத்திதான் வாயில் ஊற்றினாள்.

மண் பாதையில் காட்டு டயர் பிரமாதமாகப் போனது. ஓடையைத் தாண்டியது, பாறையில் ஏறியது. முனியப்பன் கோயில் வளைவுக்கு வந்தபோது வெயில்கூட ஏறவில்லை. முன்சக்கரம் தாரைத் தொடப் போகிற நேரத்தில் ஒச்சப்பன் சடக்கென்று பிரேக் போட்டான்.

"முன்னாடி ரெண்டையும் மாத்துவோமா?" என்றான்.

"மாத்துனா முன்னாடி ரோட்டு டயரு, பின்னாடி காட்டு டயரு. ரெண்டும் கலந்துரும்" என்றான் பூலோகம்.

"அப்ப நாலையும் மாத்துவோம்."

"பின்சக்கரம் இன்னும் மண்ணுலல்ல நிக்குது? ரோட்டு டயரு மண்ணுல படலாமா?"

எல்லாரும் இறங்கி முனியப்பனைக் கும்பிட்டுவிட்டு யோசித்தார்கள். வண்டி முழுவதும் தாருக்கு வந்த பிறகுதான் ரோட்டு டயர் மாட்ட முடியும். ரோட்டு டயர் மாட்டாமல் வண்டி தாருக்கு வர முடியாது. இதற்கு வழியே இல்லை என்று சோணைமுத்து தலையில் கை வைத்தபோது, சடையாண்டி மெதுவாகக் கையை உயர்த்தினான்.

அவன் சொன்னபடியே செய்தார்கள். பாதையோரத்து மண்ணைத் துண்டில் அள்ளி அள்ளி, வண்டி நிற்கிற அளவுக்குத் தார்ரோட்டின் மேல் பரப்பினார்கள். காட்டு டயரோடு வண்டியை அந்த மண்மேல் ஏற்றினார்கள். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, நாலு மூலைக்கும் கல் முட்டுக் கொடுத்து, நாலு சக்கரத்தையும் கழற்றினார்கள். அடியில் இருந்த மண்ணைச் சுத்தமாகக் கூட்டித் தள்ளினார்கள். ரோட்டுச் சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினார்கள். சட்டப்படி ஒரு குற்றமும் நடக்கவில்லை. வெயில் மட்டும் நன்றாக ஏறிவிட்டது.

வண்டி புறப்பட்டது. தாரில் ரோட்டு டயர் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஒச்சப்பன் பாட்டுப் பாடக்கூட ஆரம்பித்தான். முதல் வரி முடிவதற்குள் மறுபடியும் சடக்கென்று பிரேக்.

முன்னால் பள்ளம். போன வாரம் பெய்த மழையில் சேறு நிரம்பித் தளதளவென்று இருந்தது. இந்த அரசாங்கம் ரோட்டை எந்த லட்சணத்தில் வைத்திருக்கிறது பாருங்கள் என்று ஐந்து பேரும் உண்மையாகவே கோபப்பட்டார்கள். ஊரில் புளியமரத்தடியில் கிடக்கிற தார்ப்பாளத்தைக் கொண்டு வந்திருந்தால் இந்தப் பள்ளத்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்திருக்கும் என்று வைகுண்டம் வருத்தப்பட்டான்.

சேறு என்றால் மண். மண் என்றால் காட்டு டயர். வேறு பேச்சே இல்லை. மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் முட்டுக்கல். நாலு பேரும் அவரவர் சக்கரத்தைக் கழற்றி ரோட்டோரம் சாய்த்து வைத்தார்கள். காட்டுச் சக்கரத்தை மாட்டப் போகும்போது பூலோகம், இப்போது வண்டி நிற்பது தாரில், தாரின் மேல் காட்டு டயரை இறக்கலாமா என்று கேட்டான். மண்ணைப் பரப்பலாம் என்றால் கூட்டித் தள்ளிய மண் வளைவிலேயே கிடக்கிறது. துண்டை எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும். யார் போவது என்று பேச்சு ஆரம்பித்தது.

சோணைமுத்து வானத்தைப் பார்த்தான். ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. செவல்மேட்டில் அன்னமயில் சேலை கட்டி, பூ வைத்துக் காத்திருப்பாள். பக்கத்தில் அந்த அக்கா மகனும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. காலையிலிருந்து இத்தனை சக்கரம் கழன்று மாட்டியும், அவன் சக்கரம் மட்டும் சங்கிலியில் ஜம்மென்று தொங்கிக்கொண்டு வருகிறது. இந்த வண்டி பறந்துகொண்டு போய் நின்றாலும் அவனுக்குப் பெண் கிடையாது.

"நீங்க பேசிக்கிட்டு இருங்கண்ணே," என்றான். "என் சக்கரம் ஓடுனாத்தான் எனக்குப் பொண்ணு. நான் முன்னாடி போறேன்."

வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய்ச் சங்கிலியை அவிழ்த்தான். ஸ்டெப்னி பொத்தென்று அவன் வயிற்றின் மேல் விழுந்தது. வலியைப் பொருட்படுத்தாமல் வெளியே இழுத்து, நிமிர்த்தி, பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டி, வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் உருட்டுவது மாதிரி உருட்டிக்கொண்டே ரோட்டில் ஓடினான். பிறந்ததிலிருந்து தரையைப் பார்க்காத டயர். துள்ளிக்கொண்டு போனது.

மற்ற நாலு பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். முதலில் சுதாரித்தவன் சடையாண்டி. ஸ்டெப்னி முதலில் போய்ச் சேர்ந்து, முன்சக்கரம் பின்னால் போனால் நாளைக்குத் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? அவன் தன் ரோட்டுச் சக்கரத்தை நிமிர்த்தி உருட்ட ஆரம்பித்தான். ஒச்சப்பனும் கிளம்பினான். அண்ணன் தம்பிகள் பிரியக்கூடாது என்பதால் இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். சக்கரத்தைத் தனியாக உருட்டும்போது பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இவ்வளவு வசதியான முறையை இத்தனை நாள் விட்டுவிட்டோமே என்று பேசிக்கொண்டே ஓடினார்கள்.

வழியில் டயர் கடை. காஜா மைதீன் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐந்து சக்கரமும் ஐந்து ஆட்களும் வரிசையாக அவரைக் கடந்து போனார்கள். ஒவ்வொருவரும் மரியாதையாக, "வர்றோம் பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டி எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

செவல்மேட்டில் பந்தல் போட்டு, கோலம் போட்டு, எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு சக்கரம் வந்தது. பின்னாலேயே வேர்த்து விறுவிறுத்துச் சோணைமுத்து வந்தான். சக்கரம் கோலத்தின் மேல் ஏறி, தள்ளாடி, ஒரு சுற்றுச் சுற்றி, கருப்பணனின் காலடியில் படுத்தது. அவர் குனிந்து டயரைத் தடவினார். புழுதி ஒட்டியிருந்தது. விரலைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டினார்.

"ஓடித்தான் வந்திருக்கு" என்றார். அக்கா மகன் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. சோணைமுத்துவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து அன்னமயில் எட்டிப் பார்த்தாள். தக்காளி பொறுக்கிய அன்றைக்குச் சிரிக்காமல் விட்ட சிரிப்பையும் சேர்த்து இன்றைக்குச் சிரித்தாள்.

"சரி, தட்டு எங்க மாப்ள?" என்று கேட்டார் கருப்பணன்.

"அக்கா மடியில இருக்கு மாமா."

"அக்கா எங்க?"

"வண்டியில இருக்கு."

"வண்டி எங்க?"

சோணைமுத்து கூட்டாளிகளைப் பார்த்தான். கூட்டாளிகள் சக்கரங்களைப் பார்த்தார்கள். "நீங்க சக்கரத்தைத்தான மாமா வரச் சொன்னீங்க" என்றான். கருப்பணன் யோசித்துப் பார்த்து, ஆமாம், தப்பு தன்மேல்தான் என்று ஒப்புக்கொண்டார். பெண் வீட்டுத் தட்டையே ஸ்டெப்னியின் மேல் வைத்து, ஸ்டெப்னியைச் சாட்சியாக வைத்து, ராகு காலத்துக்கு முன்னால் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

பிறகு சூளை டிராக்டரில் நாலு சக்கரங்களையும் ஏற்றிப் போய், அவற்றை மாட்டி, வண்டியை டிராக்டரில் கட்டிப் பள்ளத்தைத் தாண்டி இழுத்து வந்தார்கள். முன்சீட்டில் பெருமாயி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தட்டு மடியில் அப்படியே இருந்தது. வழியில் போன பஸ்காரர்கள் எல்லாரும் தனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். டிராக்டரின் பெரிய பட்டன் டயர் தாரில் வருவதைப் பார்த்து ஒச்சப்பன் திடுக்கிட்டான். பின்பெட்டியில் செம்மண் ஏற்றியிருக்கிறது, அதனால் பரவாயில்லை என்று கருப்பணன் சமாதானம் சொன்னார்.

சாப்பாடு முடிந்து வண்டியைச் சுற்றி எல்லாரும் நின்றபோது, கூட்டாளிகள் அவரவர் சக்கரத்தைப் பெண் வீட்டாருக்கு அறிமுகம் செய்து வைத்தார்கள். அன்னமயில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு வண்டியின் முன்மூடியைக் காட்டினாள்.

"இதுக்குள்ள இருக்குறது யாரோடது?"

"எஞ்சினா? அது யாரோடதும் இல்ல தாயி" என்றான் ஒச்சப்பன்.

"அப்ப அது எனக்கு" என்றாள் அன்னமயில்.

கேட்கிற ஆள் இல்லாமல் கிடந்த பொருள். மருமகள் கேட்டால் கொடுக்கவேண்டியதுதான். சோணைமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டெப்னியும் எஞ்சினும் ஒரே வீட்டுக்கு வருகின்றன என்றால் சும்மாவா?

ஆனால் ஒரு முறை இருக்கிறது. பெண்ணுடைய பொருள் கல்யாணம் வரைக்கும் பெண் வீட்டில்தான் இருக்கவேண்டும். கல்யாணத்தன்றைக்குத்தான் சீரோடு சேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்கு வரும். கருப்பணன் முறை தவறாதவர். சூளை ஆட்களைக் கூப்பிட்டு, கப்பி கட்டி, எஞ்சினைக் கழற்றித் தூக்கி, வீட்டுக்குள் பீரோவுக்குப் பக்கத்தில் கோணி விரித்து வைத்தார். அன்னமயில் அன்றைக்கே அதற்கு ஆயில் மாற்றினாள்.

எஞ்சின் இல்லாத வண்டியை நம் ஆட்கள் ஊர் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்கள். கல்யாண நாளும் வந்தது. மணப்பெண்ணையும் சீரையும் எஞ்சினையும் ஏற்றி வரவேண்டும் அல்லவா? ஆகவே விடியும்போதே வண்டியைத் தள்ளிக்கொண்டு செவல்மேட்டுக்குக் கிளம்பினார்கள். டயர் எது என்கிற வம்பே இப்போது இல்லை. உயிரில்லாத வண்டி எதையும் தாங்கும் என்று முடிவாகியிருந்தது. மண்ணைத் தாண்டி, தாரில் ஏறி, பள்ளத்தைச் சுற்றி, டயர் கடை வாசலுக்கு வந்து நிறுத்தினார்கள். மாலையும் கழுத்துமாகச் சோணைமுத்து உள்ளே போனான்.

"பாய், பழைய டயரு இருந்தா செருப்பு வெட்டிக் குடுங்க. தள்ளித் தள்ளிக் காலு தேயுது."

காஜா மைதீன் டீயைக் கீழே வைத்தார். தெரிந்தே கேட்டார். "ரோட்டு டயர்ல வேணுமா, காட்டு டயர்லயா?"

"அதுதான் பாய் கொழப்பம். ஓரமாத் தள்ளும்போது எடது காலு மண்ணுல படுது, வலது காலு தார்ல படுது. நீங்களோ கலந்து போடக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. அதான் ரெண்டு காலுக்கும் ரெண்டு வகையும் வாங்கிக்கிறோம். மாத்தி மாத்திப் போட்டுக்குவோம்."

"அப்ப ஆளுக்கு நாலு செருப்பு."

"நாலு. அப்புறம் பொதுவா ஒண்ணு, ஸ்டெப்னிக்கு."

பாய் கத்தியை எடுத்தார். பிறகு, கேட்டிருக்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார். "ஸ்டெப்னிச் செருப்பு எடது காலுக்கா, வலது காலுக்கா?"

சோணைமுத்து வெளியே எட்டிப் பார்த்தான். நாலு பேரும் வண்டியை விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். ஆளுக்கொரு டயரை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.